முதல் பிடி

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், கோகிலவாணி ஒரு மெக்கானிக் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பிரேக் வேலை என்றால் வாணி கடை என்று நாமக்கல் வரைக்கும் பேர். எழுபது கொண்டை ஊசி வளைவில் இறங்கி வருகிற வண்டிகள் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலை தெரியாத ஆள் அந்த இடத்தில் கடை போட்டு ஒரு மாதம் உட்கார முடியாது.

அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று. முப்பது வருடம் லேத்தில் நின்றவர். என்ன அளவு சொன்னாலும் இரும்பை அந்த அளவுக்குக் கடைந்து கொடுப்பார். வண்டி வேலைதான் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு, தன்னைவிடப் பதினேழு வயது சின்னவளிடம் வந்து கும்பிட்டு, "இனி நீங்கதான் எனக்குக் குரு அம்மணி" என்று சேர்ந்தார். அன்றைக்கு அவரிடம் இருந்தது நல்ல பணிவு. கை பழகப் பழக அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. வாங்கிய டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அம்மணி, ஒரு கேள்வி. இல்லாத சத்தத்த இருக்குதுங்கறவனுக்கு என்னங்க வைத்தியம்?"

வாணி ஒரு செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். "யாருங்கண்ணா அது?"

"அந்தச் சடையன்தான்."

சடையன் மலை மேல் இருப்பவர். அங்கே ஆஸ்பத்திரியில் எடுக்கிற ரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். தினமும் ஒரு மணிக்குள் அதை அடிவாரத்துக்குக் கொண்டு வந்து, லேப் வேனில் ஏற்றிவிட வேண்டும். அதுதான் அவருடைய வேலை. அவருடைய மோட்டார் சைக்கிள் இருபது வருடத்துப் பழசு. அதன் பழைய முன் பிரேக் பாதி மலையிலேயே சோர்ந்துவிடும். அதனால் மூன்று மாதம் முன்பு பெரிய வண்டி ஒன்றின், டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற நாலு பிஸ்டன் கேலிப்பரை எங்கேயோ தேடி வாங்கிக்கொண்டு வந்து, மாட்டித் தரச் சொன்னார்.

பழைய வண்டியில் புதுக் கேலிப்பர் நேராக உட்காராது. நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். அதை நாச்சிமுத்து அலுமினியக் கட்டியிலிருந்து தன் கையால் கடைந்து எடுத்தார். இரண்டு நாள் வேலை. அழகாக வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மாட்டுவதற்கு முன்னால் அதை மேசை மேல் வைத்து, வந்தவர் போனவர் எல்லாரிடமும் காட்டினார்.

மாட்டிய பிறகு வண்டி பிடித்த இடத்தில் நின்றது. பத்து நாள் கழித்துச் சடையன் வந்து, பிரேக் கத்துகிறது என்றார்.

நாச்சிமுத்து டிஸ்க்கில் அழுந்துகிற பேடைக் கழற்றி ஓரத்தை அரத்தால் சரித்துக் கொடுத்தார். மறுபடியும் வந்தபோது பழைய பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். மூன்றாவது தடவை, அது போன வாரம், பேடின் முதுகில் சூடு தாங்குகிற கிரீஸைத் தடவி ஒரு தகடும் வைத்து அனுப்பினார். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மலை இறங்கி வந்த வண்டியின் பிரேக்கை உடனே தொட மாட்டார்கள், கை வெந்துவிடும். அரை மணி நேரம் ஆற விட்டுத்தான் கழற்றுவார்கள். நாச்சிமுத்துவும் மூன்று தடவையும் ஆற விட்டார். கழற்றி மாட்டி, கடைக்கு முன்னால் சமதளத்தில் நூறு அடி ஓட்டிப் பார்த்து, "சத்தமே இல்லையேப்பா" என்றார். ஒவ்வொரு தடவையும் சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாச்சிமுத்து அடுத்த வண்டிக்குப் போயிருப்பார்.

இன்றைக்கு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது சடையன், "எனக்குப் பிரேக் போட்டவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல" என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவின் காதில் விழுகிற மாதிரியே சிரித்திருக்கிறார்கள்.

"பிராக்கெட்ட நீங்களே அளந்து பாருங்க அம்மணி. ஒரு மயிரிழை தள்ளி இருந்தா நான் இன்னைக்கே ஸ்பேனரக் கீழ வெச்சுட்டுப் போயிடறேன். மலையிலிருந்து எறங்கி வர்றவனுக்கு நாலு பிஸ்டன்னா என்னன்னு தெரியுமா? அவன் என்னச் செவிடுங்கறான், நாலு பேரு பல்லக் காட்டறாங்க."

வாணி செயினைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறினாள். சத்தம் எப்போது வருகிறது என்று சடையன் சொன்னார் என்று கேட்டாள். பிரேக் பிடித்தால் வருகிறது என்றான், அவ்வளவுதான் என்றார் நாச்சிமுத்து. எத்தனையாவது வளைவில் என்று கேட்டாள்.

"அதையெல்லாம் நான் கேக்கலீங்க. பிரேக்குக்கு வளைவு எண்ணத் தெரியுமா?"

"கழட்டுன பேடு இருக்குதுங்களா?"

"மொத தடவ அரம் போட்டதத்தான் அடுத்த தடவ மாத்துனேன், அது குப்பைக்குப் போயிருச்சு. அதுல பாக்க என்னங்க இருக்குது?"

அந்த ஆளை இனிமேல் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார். சத்தம் இல்லாத வண்டிக்கு மூன்று தடவை இலவசமாக வேலை பார்த்தாகிவிட்டது, நான்காவது தடவையும் பார்க்க இது என்ன அன்னதான மடமா என்று கேட்டார். அவர் மூச்சு வாங்கும் வரைக்கும் அவள் பேச விட்டாள்.

"நாளைக்கு அவர வரச் சொல்றேங்கண்ணா. ஜாப் கார்டு நீங்க எழுதுங்க."

அது அவருக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. தன்னைச் செவிடு என்று சொன்னவனைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் குருவே கடைக்கு வரச் சொல்கிறாள். யாருக்குத்தான் பொறுக்கும் என்று மாலை வரைக்கும் புலம்பிக்கொண்டே, ஒரு ஸ்கூட்டரின் பின் சக்கரத்தை இரண்டு தடவை தப்பாக மாட்டினார்.

மறுநாள் ஒன்றே காலுக்குச் சடையன் வந்தார். பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு நேராக வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வாணி ஸ்டூலைக் காட்டிய பிறகுதான் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

வாணி நாச்சிமுத்துவிடம் வண்டியின் குறையை எழுதும் ஜாப் கார்டையும் பேனாவையும் கொடுத்தாள்.

"அவர் சொல்றத அப்படியே எழுதுங்கண்ணா. உங்க வார்த்த ஒண்ணும் வேண்டாம்."

சடையன் ஆரம்பித்தார். எழுபதாவது வளைவிலிருந்து நாற்பத்தாறு வரைக்கும் ஒன்றும் இல்லை என்றார். நாற்பத்தைந்தைத் தாண்டினால் கீ, கீ என்று விட்டு விட்டு வரும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் சத்தமும் வேகமாக வரும், மெதுவாகச் சுற்றினால் மெதுவாக வரும். பிரேக்கை விட்ட பிறகும் நாலு சுற்றுக்குக் கேட்கும்.

நாச்சிமுத்து எழுதி நீட்டினார். வாணி வாங்கிப் படித்தாள். 'சூட்டில் பேட் பளபளப்பாகிச் சத்தம் வருகிறது' என்று இருந்தது. அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அவர் பேடுன்னு ஒரு வார்த்த சொன்னாருங்களா?"

"சொல்லலீங்க. ஆனா அதுதானுங்களே அர்த்தம்?"

"இன்னொரு கார்டு எடுங்க."

இரண்டாவது கார்டில், வண்டிக்காரர் மலை இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே ஓட்டுவதால் என்று தொடங்கியிருந்தார். வாணி அதையும் கிழித்தாள். வாணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இப்போது இறங்கியது.

"அவர் ஓட்டறத நீங்க பாத்திருக்கீங்களா அண்ணா?"

"இல்லீங்க."

"அப்ப இத யாரு சொன்னது?"

நாச்சிமுத்து மூன்றாவது கார்டை எடுத்தார். காதுமடல் வரைக்கும் ரத்தம் ஏறிவிட்டது. ஒரு வெளியாள் முன்னால், அதுவும் இந்த ஆள் முன்னால், ஒன்றாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாளே என்று அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் எழுதினார். நாற்பத்தைந்து, கீ, விட்டு விட்டு, நாலு சுற்று. எழுதிய பிறகு பார்த்தால் அதில் மெக்கானிக் சொல்வது மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை.

சத்தம் வந்த பிறகு என்ன ஆகும் என்று வாணி சடையனைக் கேட்டாள்.

"அதச் சொல்லத்தாங்க நான் மூணு தடவையும் வந்தேன்," என்றார் சடையன். "எனக்குச் சத்தம் ஒரு தொந்தரவே இல்லீங்க. சத்தம் கேட்டுச்சுன்னா அடுத்த வளைவுல மொத புடி வெறும் புடியாப் போகும். லீவர் கைப்புடி வரைக்கும் வந்துரும், வண்டி நிக்காது. விட்டுட்டு மறுபடி புடிச்சா கெட்டியாப் புடிக்கும். அதனால சத்தம் கேட்ட உடனே, வளைவுக்கு முன்னாடியே ஒரு தரம் சும்மா புடிச்சு விட்டுக்குவேன். அப்படித்தான் இத்தன நாள் எறங்கினேன். போன வாரம் இங்க என்னமோ தடவி அனுப்பினாங்க. சத்தம் நின்னுபோச்சு. வெறும் புடி நிக்கல."

அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். வாணி பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டுத்தான் மீதியை வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றாவது வளைவு. சத்தம் இல்லை, அதனால் இவர் முன்கூட்டிப் பிடித்துப் பார்க்கவில்லை. முதல் பிடி வெறும் பிடியாகப் போனது. இரண்டாவது பிடிக்குள் வண்டி தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. அந்தப் பக்கம் பள்ளம். காலை உள்ளே இழுத்துக்கொண்டதால் கால் தப்பியது. பெட்டி கழன்று விழுந்து திறந்துகொண்டது. இரண்டு குழாய் உடைந்துவிட்டது. அதில் ஒன்று கைக்குழந்தையின் ரத்தம். மறுநாள் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஊசி குத்தி எடுத்தார்கள்.

"அந்தம்மா என்னத் திட்டல. பாத்தாங்க, அவ்வளவுதான்," என்றார் சடையன்.

இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமலேதான் சொன்னார். எனக்குத்தான் இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது. ஒரு மனிதன் தன் உயிர் போகிற விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை எழுபது வளைவு இறங்கி வந்திருக்கிறான். மூன்று தடவையும் அவனுக்கு அரம் போட்டும், பேட் மாற்றியும், கிரீஸ் தடவியும் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது தடவை டீக்கடையில் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொன்னதற்கு, அவமானப்பட்டது யாராம், நாச்சிமுத்துவாம்.

நாச்சிமுத்து எழுதி முடித்துப் பேனாவை மூடினார். குழந்தை விஷயத்தை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"சரிங்க. இவர் முன்னாடியே பிராக்கெட்ட அளந்துரலாம்," என்றார். "குத்தம் அதுலதான்னா எல்லாருக்கும் தெரியட்டும்."

வாணி சரி என்றாள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜை ஒட்டி, டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தாள். முள் அசையவில்லை. கேலிப்பர் டிஸ்க்குக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்தாள். பிராக்கெட்டின் போல்ட்டு, துளை, முகம் எல்லாவற்றையும் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"பிராக்கெட் சுத்தமா இருக்குதுங்கண்ணா. ஒரு குறையும் இல்ல."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். கல் மாதிரி நின்றது. "பேரிங்கும் கெட்டி. பாத்துக்க," என்றார் சடையனிடம். "இப்பப் போயி டீக்கடையில சொல்லு."

சடையன் சக்கரத்தைப் பார்த்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது போல உட்கார்ந்திருந்தார்.

வாணி எழுந்து சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய கெட்டில் இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஆவி எழும்பியது.

"என்னங்க அம்மணி இது?"

"நாப்பத்தஞ்சாவது வளைவு."

கெட்டில் காலியாகும் வரைக்கும் ஊற்றிவிட்டு, இப்போது ஆட்டுங்கள் என்றாள். நாச்சிமுத்து துணியால் டயரைப் பிடித்து ஆட்டினார். டக் என்றது. மறுபடி ஆட்டினார். மறுபடியும் டக் என்றது. டிஸ்க் சாய்ந்து பேடில் இடிப்பது கண்ணுக்கே தெரிந்தது.

சடையன் ஸ்டூலிலிருந்து எழுந்து குனிந்து பார்த்தார்.

"இதாங்க," என்றார்.

வாணி விளக்கத்தைச் சடையனுக்குத்தான் சொன்னாள். சூடு ஏறினால் ஹப் விரிகிறது, பேரிங் அதற்குள் தளர்ந்துவிடுகிறது. சக்கரம் ஆடும்போது டிஸ்க்கும் ஆடும். பழைய கேலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது. டிஸ்க் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே நகர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இந்த நாலு பிஸ்டன் கேலிப்பர் நகராது. ஆடுகிற டிஸ்க் பேடில் உரசிக் கத்துகிறது, பிஸ்டனைப் பின்னால் தள்ளியும் விடுகிறது. தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்பி வருவதற்கே ஒரு பிடி செலவாகிவிடுகிறது.

"அந்த வெறும் புடி அதுதானுங்க," என்றாள். "நீங்க சொன்னது அத்தனையும் சரி."

சக்கரத்தைக் கழற்றினார்கள். பேரிங்கை வெளியே எடுக்கச் சுத்தியல் தேவைப்படவில்லை. வாணி கட்டைவிரலால் தள்ளினாள், வந்துவிட்டது. பேரிங் உட்காரும் குழிக்குள் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. இரண்டு வரிசை. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி.

குழி தேய்ந்து பேரிங் லூசாகிவிட்டால் சில பேர் இப்படிச் செய்வார்கள். கூர்முனை உள்ள சென்டர் பஞ்சை வைத்துச் சுற்றிலும் புள்ளி புள்ளியாக அடித்தால் உலோகம் கொஞ்சம் மேலெழும்பும். பேரிங் இறுக்கமாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆறியிருக்கும் வரைக்கும் இருக்கும், சுட்டால் விட்டுவிடும். முறையாகச் செய்ய வேண்டியது, குழியைக் கடைந்து பெரிதாக்கி உள்ளே புஷ் என்கிற வளையம் ஒன்றைப் போடுவது.

சடையன் விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினார். "இது என்னங்க? வண்டி வரும்போதே இப்படித்தான் வருமா?"

நாச்சிமுத்துவுக்கு அந்தப் புள்ளிகளைத் தெரியும். மூன்று மாதம் முன்பு சக்கரத்தைக் கழற்றியபோது பேரிங் லூசாக இருந்ததை அவர்தான் பார்த்தார். புஷ் கடைந்து போட அவருக்கு இரண்டு மணி நேரம் போதும். முப்பது வருடமாகச் செய்த வேலை. ஆனால் அன்றைக்குப் பிராக்கெட் தயாராக மேசை மேல் மின்னிக்கொண்டிருந்தது, அதை மாட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. பஞ்சை எடுத்துப் பத்து நிமிடத்தில் அடித்து முடித்தார். அவசரத்தில் அடித்தும் ஒவ்வொரு புள்ளியும் அளந்து வைத்தது மாதிரி விழுந்திருக்கிறது. அந்தக் கைவரிசையை வாணிக்கும் தெரியும்.

வாணி அவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நாச்சிமுத்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"பழைய வண்டி," என்றார் கடைசியில். "எத்தன கை மாறி வந்துச்சோ."

வாணி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் ஏதாவது சேர்த்துச் சொல்வாரா என்று பார்த்திருப்பாள். அவர் சொல்லவில்லை. அவள் சடையன் பக்கம் திரும்பினாள்.

"இது எங்க கடையில அடிச்சதுங்க. எங்க நாச்சிமுத்தண்ணன் அடிச்சது. மாட்டி அனுப்பும்போது நான் பாத்திருக்கோணும், பாக்கல. அது என் தப்பு."

சடையன் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"அப்படீங்களா," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நாச்சிமுத்து பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

வாணி தன்னுடைய ஸ்கூட்டர் சாவியைச் சடையனிடம் கொடுத்து, வண்டி தயாராகும் வரைக்கும் இதில் போய் வாருங்கள் என்றாள். கிரீஸ் தடவி அனுப்பியது பெரிய தப்பு என்றும் சொன்னாள். அவர் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மலை ஏறிப் போனார்.

நாச்சிமுத்து அன்றைக்கு வாணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹப்பை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு சேந்தமங்கலத்தில் தெரிந்தவர் லேத்துக்குப் போனார். குழியைக் கடைந்தார். புள்ளி இரண்டு வரிசையும் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு போயிற்று. புஷ் ஒன்று கடைந்து, அளந்து, சரியில்லை என்று எறிந்துவிட்டு இன்னொன்று கடைந்தார். ஹப்பைச் சூடாக்கி அதில் அழுத்தி உட்கார வைத்தார். லேத்துக்காரர் என்ன கோபம் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று அவர் மேலேயும் எரிந்து விழுந்தார்.

வியாழக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாட்டினார். புது பேரிங். பேடின் முதுகில் இருந்த கிரீஸை வழித்துத் துடைத்தார். கொதிக்கிற தண்ணீரை அவரே வாங்கி வந்து ஊற்றி ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"மேல போயி எழுபதுலருந்து எறக்கிட்டு வாங்கண்ணா," என்றாள் வாணி.

அவர் அந்த மலையில் பஸ்ஸில்தான் போயிருக்கிறார். பைக்கில் ஏறியதே இல்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவும் சாலை முடிந்துவிட்ட மாதிரி வந்து நிற்பதும், பக்கத்தில் மரத்தின் உச்சி காலுக்குக் கீழே தெரிவதும் புரிந்தது. வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்தைந்தில் காதைத் தீட்டிக்கொண்டார். சத்தம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லீவரை ஒரு தரம் சும்மா பிடித்து விட்டார். தேவையே இல்லை, முதல் பிடியே கெட்டியாக இருந்தது. இருந்தாலும் பிடித்தார்.

முப்பத்தொன்றில் வண்டியை நிறுத்தினார். தடுப்புச் சுவரில் ஒரு ஆள் நீளத்துக்கு உரசிய தடம் இருந்தது, வண்டியின் சிவப்புப் பெயின்ட் அதில் ஒட்டியிருந்தது. தடத்தின் முடிவுக்கும் சுவரின் முடிவுக்கும் நடுவே இரண்டு முழம். அவர் எட்டிக் கீழே பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி மீதி முப்பது வளைவையும் இறங்கி வந்தார்.

"எப்படிங்கண்ணா இருக்குது?" என்று வாணி கேட்டாள்.

"நல்லா இருக்குது," என்றார். சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சடையன் வந்தார். ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் வண்டியை எடுத்து, சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். மறுநாளும் வந்தார், எழுபது வளைவும் இறங்கிப் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு. "மொத புடியே நிக்குதுங்கண்ணா," என்று நாச்சிமுத்துவிடம்தான் சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வண்டி சாலையில் மறைகிற வரைக்கும் நாச்சிமுத்து நின்றார். நாலு நாளாக அடக்கி வைத்தது அப்போது வந்துவிட்டது.

"அம்மணி, நான் செஞ்சது தப்பு. இல்லைன்னு சொல்லல. சரியும் பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன்."

வாணி பெஞ்சில் ஒரு கேலிப்பரைப் பிரித்து வைத்திருந்தாள். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு வயசு ஐம்பத்தொண்ணு. முப்பது வருசம் என் வேலைய எவனும் ஒரு குத்தம் சொன்னதில்ல. அந்தாளு முன்னாடி வெச்சு, இவர்தான் அடிச்சாருன்னு என் பேரச் சொல்லிட்டீங்க. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சீங்களா? என்னத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கேட்டிருக்க மாட்டனா?"

அவர் குரல் உடைந்திருந்தது. கண்ணிலும் தண்ணீர் நின்றது. பொய்யான கோபம் இல்லை அது. உண்மையாகவே அவருக்கு வலித்தது.

வாணி அவரையே பார்த்தாள்.

"அவரும் உங்ககிட்டத் தனியாத்தாங்கண்ணா வந்து சொன்னாரு. மூணு தடவ."